பெயர்த் தகடு பாடுமா?

அது ஒரு சின்ன மரப் பெட்டி. உயரம் ஒரு அடி. அகலம் முக்கால் அடிகூட இல்லை. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

பெட்டியின் முகத்தில் கறுப்புத் துணி. துணியின் மேல் ஒரு சிறு தகடு. தகட்டில் அதைச் செய்த கம்பெனியின் பெயர்.

இது ஓர் ஒலிபெருக்கி. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1970-களில் தன் சொந்த உபயோகத்துக்காக வகுத்த மாதிரி. "எல்.எஸ். 3/5ஏ" என்பது இதன் பெயர்.

இப்படிப்பட்ட பழைய பெட்டி ஒரு ஜோடிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் இருக்கிறார்கள். டோக்கியோவில் இருக்கிறார்கள். ஹாங்காங்கில் இருக்கிறார்கள்.

கொடுக்கட்டும். அவர்கள் பணம். அவர்கள் விருப்பம்.

ஆனால் ஒன்று. அதே அளவுப் பெட்டி. உள்ளே அதே உறுப்புகள். அதே பி.பி.சி. போட்டுக் கொடுத்த அதே கணக்கு. தகட்டில் உள்ள பெயர் மட்டும் வேறு. உடனே விலையும் வேறாகிவிடுகிறது!

பாடுவது பெட்டியா? தகடா?

விசுவாசம்

பழைய ஒலிபெருக்கிகளைத் தேடிச் சேர்க்கும் ஆசை பல நாடுகளில் இருக்கிறது. தபால் தலை சேர்ப்பது போல, பழைய காசு சேர்ப்பது போல இதுவும் ஓர் ஆசை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தபால் தலையைக் கண்ணால் பார்த்தால் போதும். ஒலிபெருக்கியைக் காதால் கேட்க வேண்டும்.

இவற்றை "ஹை-பை" ஒலிபெருக்கிகள் என்று சொல்லுவார்கள். "மிகுந்த விசுவாசம்" என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள்.

யாருக்கு விசுவாசம்? செய்த கம்பெனிக்கா? வாங்கிய முதலாளிக்கா?

இல்லை. பாடியவரின் குரலுக்கு! வயலின் வாசித்தவரின் வில்லுக்கு!

ஆகவே, இரண்டு பழைய ஒலிபெருக்கிகளை ஒப்பிட்டு, "இது உயர்ந்தது, அது தாழ்ந்தது" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், அதற்கு அளவுகோல் ஒன்றுதான். உயிருள்ள குரல். பெயரும், வயதும், விலையும், பெயிண்டும் அளவுகோல் ஆகா.

இது புதுக் கருத்து அல்ல. அந்தப் பழைய ஒலிபெருக்கிகளைச் செய்தார்களே, அவர்களே இப்படித்தான் சோதித்துப் பார்த்தார்கள். சேர்க்கிறவர்கள்தான் அதை மறந்துவிட்டார்கள்.

காகிதம் பேசுகிறது

ஒலிபெருக்கி எப்படிப் பேசுகிறது?

உள்ளே ஒரு காந்தம். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு.

பாட்டுக்கு ஏற்ற மின்சாரம் சுருளில் பாய்கிறது. சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் கூடவே அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதுதான் காதில் பாட்டாக விழுகிறது.

அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரண்டு பேர் 1925-ல் இந்த மாதிரி ஒலிபெருக்கியை விளக்கி எழுதினார்கள். அதற்கு முன்பு ஒலிபெருக்கி என்றால் பெரும்பாலும் நீண்ட குழல்தான். பழைய கிராமபோன் குழல் போல இருக்கும். குழல் இல்லாமலே வீட்டு அறையில் தெளிவாகப் பேசும் ஒலிபெருக்கிக்கு இந்த இருவரும் வழி காட்டினார்கள். நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் அந்த வழியில்தான் பேசுகின்றன.

இதில் ஒரு தொல்லை உண்டு. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன் ஒலியும் பின் ஒலியும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். முக்கியமாக, கனத்த ஒலி காணாமற் போகும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் "தொம்" என்ற ஒலி இருக்கிறதே, அது போன்ற ஒலி.

இரண்டையும் பிரித்து வைக்கத்தான் பெட்டி.

கனத்த ஒலி வேண்டுமானால் பெரிய பெட்டி வேண்டும் என்பது அந்தக் காலத்து நிலை. அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் பால் கிளிப்ஷ் என்பவர் 1946-ல் தொழில் தொடங்கினார். அவருடைய ஒலிபெருக்கி நாலு அடிக்கு மேல் உயரம். அதை அறையின் மூலையில் ஒட்டி வைக்க வேண்டும். அப்போது இரண்டு பக்கச் சுவர்களும் அதற்குக் குழலாகிவிடும். அந்த மாதிரி இன்னும் செய்யப்படுகிறது.

துணி வியாபாரி

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் கில்பர்ட் பிரிக்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவருக்குத் துணி வியாபாரம். பியானோ என்றால் உயிர்.

1932-ல் வீட்டின் நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். "வார்பிடேல்" என்று பெயர் வைத்தார். துணி போயிற்று, ஒலிபெருக்கியே தொழிலாயிற்று.

1954 நவம்பர் 1-ந் தேதி, லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் பிரிக்ஸ் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். சுமார் மூவாயிரம் பேர் அமரக்கூடிய மண்டபம் அது.

மேடையில் கலைஞர்கள் வாசித்தார்கள். அதே மேடையில் ஒலிபெருக்கிகளும் நின்றன. கலைஞர் வாசித்த பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கூட்டம் இரண்டையும் கேட்டது. அசல் எப்படி, நகல் எப்படி என்று தானே ஒப்பிட்டுப் பார்த்தது.

மறு ஆண்டு, 1955-ல், இதேபோல ஒரு நிகழ்ச்சியை நியூயார்க் கார்னகி மண்டபத்திலும் பிரிக்ஸ் நடத்தினார்.

என்ன துணிச்சல்! பட்டுக் கடைக்காரர் ஒருவர் அசல் பட்டையும் தன் சரக்கையும் தெருவிலே, நல்ல வெயிலிலே, பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டுவாரா? பிரிக்ஸ் காட்டினார். துணி வியாபாரி அல்லவா? சரக்கை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நிகழ்ச்சிக்கு ஆம்ப்ளிபயர் கொடுத்து உதவியவர் பீட்டர் வாக்கர். பிறகு அவரே 1957-ல் ஓர் அதிசய ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் காகிதக் கூம்பு இல்லை. காந்தமும் இல்லை. மிக மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மின்சாரத்தை ஏற்றி, அந்தத் தாளையே அசையச் செய்தார். பார்ப்பதற்குக் குளிர் நாட்டு வீடுகளில் இருக்கும் கணப்பு அடுப்பு போல இருக்கும். "குவாட்" என்ற பெயரில் 1985 வரை அது செய்யப்பட்டது.

மனிதக் குரலை அது சொல்லும் தெளிவு இன்றும் பலரை மயக்குகிறது. ஆனால் முரசு போல முழங்கச் சொன்னால் முழங்காது. அதற்குச் சக்தி இல்லை. இதையும் சேர்த்துச் சொல்லாமல், "இதற்கு ஈடு இணை கிடையாது" என்று மட்டும் சொல்லுகிறவர் பாதி உண்மையைத்தான் சொல்லுகிறார்.

வில் ஓடியது, இசை வரவில்லை

அமெரிக்காவில் இதைவிட வேடிக்கையான சோதனை நடந்தது.

எட்கர் வில்சர் ஓர் ஆசிரியர். அவர் தம் மாணவர் ஹென்றி குளோஸ் என்பவருடன் சேர்ந்து 1954-ல் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கம்பெனி தொடங்கினார். இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் அல்ல. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ்.

பெரிய பெட்டி எதற்கு என்று வில்சர் கேட்டார். காற்றுப் புகாமல் பெட்டியை இறுக மூடினார். கூம்பைத் தளர்வாகக் கட்டினார். கூம்பு உள்ளே போனால், பெட்டிக்குள் இருக்கும் காற்று அமுங்கி, அதைத் திருப்பித் தள்ளும். ரப்பர் பந்தை அமுக்கிவிட்டால் எழும்புகிறதே, அது போல. காற்றே சுருள்வில்லாக வேலை செய்தது!

அலமாரி அளவுப் பெட்டியில் வந்த கனத்த ஒலி, இரண்டு அடிப் பெட்டியில் வந்தது.

1958-ல் வந்த அவருடைய "ஏ.ஆர்.3" என்ற ஒலிபெருக்கி, இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் கண்காட்சிச் சாலையின் சேகரிப்பில் இருக்கிறது.

அதை எப்படி விளம்பரம் செய்தார்? இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ வாசிக்கும் "பைன் ஆர்ட்ஸ்" நால்வர் குழுவை மேடையில் உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு ஜோடி ஒலிபெருக்கி. நால்வரும் வாசித்தார்கள். நடுவிலே ஓர் இடத்தில் அவர்கள் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் வில் மட்டும் தந்திக்கு மேலே ஓடிக்கொண்டே இருந்தது! இசை ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. மறுபடி நிஜமாகவே வாசித்தார்கள். மறுபடி நிறுத்தினார்கள்.

எப்போது மாறியது என்று, கேட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

இதற்கான ஒலிப்பதிவைத் திறந்த வெளியில் எடுத்திருந்தார்கள். காரணம் உண்டு. அறையில் பதிவு செய்தால் அந்த அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடும். பிறகு மண்டபத்தில் போட்டால் மண்டபத்தின் எதிரொலியும் சேரும். எதிரொலிக்கு மேல் எதிரொலி! அப்போது ஒப்பிடுவது எப்படி?

நியூயார்க்கின் கிராண்டு சென்டிரல் ரயில் நிலையத்தில் வில்சரின் கம்பெனி ஓர் அறை வைத்திருந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் அங்கே போய் உட்கார்ந்து இசை கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது. கேட்பது மட்டும்தான். இப்படி ஒரு கடையை இன்று எங்கே பார்ப்பது?

பாடகியின் தந்திரம்

"உயிருள்ள குரலோடு ஒப்பிட்டால் போதுமா? அதிலும் ஏமாற்றலாமே!" என்று கேட்கலாம்.

சரியான கேள்வி. ஏமாற்றியும் இருக்கிறார்கள்.

எடிசன் கம்பெனி 1915 முதல் 1925 வரை ஊர் ஊராக இப்படி ஒரு காட்சி நடத்தியது. மேடையில் பாடகியும் கிராமபோன் பெட்டியும் இருப்பார்கள். விளக்கை அணைப்பார்கள். பாட்டு தொடர்ந்து கேட்கும். விளக்கைப் போட்டால் பாடகியைக் காணோம்! பெட்டிதான் பாடிக்கொண்டிருக்கும். மக்கள் அசந்து போனார்கள்.

ஆனால் அன்னா கேஸ் என்ற பாடகி பிற்காலத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். பெட்டி மனிதர் போலப் பாடவில்லை. அவர்தான் பெட்டி போலப் பாடினாராம்!

ஆகவே கேட்கிறவர் நன்றாக அறிந்த குரலோடுதான் ஒப்பிட வேண்டும். விற்கிறவர் கொண்டுவரும் குரலோடு அல்ல.

பி.பி.சி. வேன்

மறுபடி அந்தச் சின்னப் பெட்டிக்கு வருவோம்.

பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பகுதியில் டட்லி ஹார்வுட் என்ற என்ஜினீயர் இருந்தார். ஒலிபெருக்கிகளை அங்கே எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? கருவிகளால் அளந்தார்கள். அதோடு விட்டுவிடவில்லை. தங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்களைப் பேசச் சொன்னார்கள். அந்தப் பேச்சு ஒலிபெருக்கியில் எப்படி வருகிறது, நேரில் எப்படி இருக்கிறது என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள்.

ஏன் பேச்சு? பிறந்த நாள் முதல் காது கேட்டுப் பழகியது மனிதக் குரல். தாயின் குரலில் சளி கட்டியிருந்தால் குழந்தைக்குத் தெரிந்துவிடும். வயலினில் உள்ள சிறு குற்றம் எல்லாருக்கும் தெரியாது. குரலில் உள்ள குற்றம் தெரியாதவர் இல்லை.

பி.பி.சி.க்கு ஒரு சங்கடம் இருந்தது. வெளியூர் நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப வேன்கள் போகும். வேனுக்குள் இடம் இல்லை. பெரிய ஒலிபெருக்கி நுழையாது. அறிவிப்பாளரின் குரல் சரியாக வருகிறதா என்று கேட்க, ஒரு சிறிய, நேர்மையான ஒலிபெருக்கி தேவைப்பட்டது.

அதற்காக வந்ததுதான் இந்தப் பெட்டி. பெயரில் உள்ள 3 என்ற எண்ணே "வெளியிட ஒலிபரப்பு" என்பதைக் குறிக்கும்.

வேனில் வைப்பதற்காகச் செய்தது, வீட்டுக்குள் வந்துவிட்டது. செய்து விற்க பி.பி.சி. பல கம்பெனிகளுக்கு லைசென்சு கொடுத்தது. ரோஜர்ஸ், ஸ்பெண்டர், ஹார்பெத், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், குட்மன்ஸ், கெப் என்று அந்தக் கம்பெனிகளின் வரிசை நீளும்.

எல்லாரும் ஒரே கணக்குப்படி செய்ய வேண்டும். ஒலி தரும் இரண்டு உறுப்புகளும் "கெப்" கம்பெனியிலிருந்து வந்தவை. ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் ஒலியில் வித்தியாசம் தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாட்டின் நோக்கமே.

அப்படி இருக்க, "அந்தப் பெயர் இருந்தால் இரட்டை விலை, இந்தப் பெயர் இருந்தால் பாதி விலை" என்பது என்ன நியாயம்? ஒரே அச்சில் வார்த்த படிக்கல்லில் எந்தக் கடையின் பெயர் பொறித்திருக்கிறது என்று பார்த்தா சர்க்கரை வாங்குவது?

1980-களின் கடைசியில் உறுப்புகள் சற்று மாறின. மின் தடை 15 ஓமிலிருந்து 11 ஓம் ஆயிற்று. அதை வைத்து ஒரு சண்டை! "பதினைந்துதான் சிறந்தது" என்று ஒரு கட்சி. "பதினொன்றுதான் சிறந்தது" என்று ஒரு கட்சி. உண்மையில் பார்க்க வேண்டியது, நாற்பது ஐம்பது ஆண்டு போன பிறகு அந்தக் குறிப்பிட்ட ஜோடி எப்படி இருக்கிறது என்பதுதான். ஒரே நாளில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் எழுபது வயதில் மலை ஏறுவார். இன்னொருவர் மாடி ஏறமாட்டார்.

தங்கப் பெயிண்ட்

இதைவிட வேடிக்கை "டானாய்" ஒலிபெருக்கி. இதுவும் இங்கிலாந்துதான். 1947-ல் இவர்கள் செய்த ஒலிபெருக்கியில், கனத்த ஒலி தரும் உறுப்பின் நடுவிலேயே உச்ச ஒலி தரும் உறுப்பும் இருந்தது. இரண்டும் ஒரே மையத்திலிருந்து பேசும். அருமையான யோசனை.

காலம் செல்லச் செல்ல இது மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிறம் பூசினார்கள். முதலில் கறுப்பு. பிறகு வெள்ளி. பிறகு சிவப்பு. 1967-ல் தங்கம்.

தங்கம் என்றதும் மனிதர் மனம் மயங்குகிறது. அது பெயிண்ட்தான்! அந்த ஆண்டுகளில் வால்வு ஆம்ப்ளிபயர் போய் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் வந்தது. அதற்கு ஏற்றபடி 15 ஓமாக இருந்ததை 8 ஓமாக்கினார்கள். மாற்றத்தில் முக்கியமானது அது. நிறம் வைத்தது அடையாளத்துக்கு. தரத்துக்கு அல்ல.

இன்றோ நிறத்தைச் சொல்லியே பேரம் பேசுகிறார்கள். கேட்டுப் பார்க்காமலே, படத்தைப் பார்த்துப் பணத்தை அனுப்புகிறவர்களும் உண்டு. பெண்ணைப் பார்க்காமல் நகையைப் பார்த்துக் கல்யாணம் பேசுவது போல!

திரைக்குப் பின்னால்

"பெயரைப் பார்த்தாலும் என் காது ஏமாறாது" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுபவசாலிகளே சொல்லுகிறார்கள்.

ஏமாறும்.

கனடா நாட்டில் ஆட்டவா நகரில் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் பிளாய்டு டூல் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் ஒலிபெருக்கிகளைச் சோதித்தார். ஒலி புகக்கூடிய மெல்லிய திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை வைப்பார். கேட்பவருக்கு எது எது என்று தெரியாது.

பிறகு அவர் அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்குப் போனார். அங்கே ஷான் ஆலிவ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1994-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். அதே ஆட்கள். அதே ஒலிபெருக்கிகள். ஒரு முறை திரையோடு. ஒரு முறை திரை இல்லாமல்.

திரை விலகியதும் மார்க்கு மாறியது! பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளுக்கு மார்க்கு ஏறியது. சின்ன, மலிவான ஒலிபெருக்கிக்கு மார்க்கு இறங்கியது. கேட்டவர்கள் அந்தக் கம்பெனியின் ஆட்களே. தொழில் தெரிந்தவர்களே.

கண் பார்த்ததைக் காது கேட்டதாக மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மனித இயல்பு அது. ஆனால் தெரிந்த பிறகும் திரை கட்ட மறுப்பது வீம்பு.

வீட்டிலேயே முடியும்

இதற்கு ஆராய்ச்சி நிலையம் தேவை இல்லை. ஒரு வேட்டி போதும்.

வீட்டில் உள்ள ஒருவர், அம்மாவோ தாத்தாவோ, சந்தடி இல்லாத திறந்த வெளியில் நின்று ஐந்து நிமிடம் பேசட்டும். நல்ல மைக்கில் பதிவு செய்து கொள்ளலாம். பிறகு, ஒப்பிட வேண்டிய இரண்டு ஒலிபெருக்கிகளையும் மெல்லிய வேட்டிக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஜோடியாக வேண்டாம். இதில் ஒன்று, அதில் ஒன்று போதும். குற்றம் இருந்தால் ஒற்றையாகக் கேட்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.

ஒன்று மிக முக்கியம். இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்கக் கேட்பதுதான் "நன்றாக இருக்கிறது" என்று தோன்றும். கடைக்காரர்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம் அது. இப்போது கைபேசியிலேயே சத்தத்தின் அளவைக் காட்டும் வசதி இருக்கிறது. அது போதும்.

இடமும் மாறக்கூடாது. சுவர் மூலையில் வைத்தால் கனத்த ஒலி பெருகும். நடு அறையில் வைத்தால் குறையும். ஒன்றை மூலையிலும் மற்றதை நடுவிலும் வைத்து ஒப்பிடுவது, ஒருவரை மேட்டிலும் ஒருவரைப் பள்ளத்திலும் நிறுத்தி உயரம் பார்ப்பதற்குச் சமம்.

பதிவைப் போட்டு, எது உண்மைக் குரல் போல இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லாரும் சொல்லட்டும். பேசியவரே பக்கத்தில் இருந்தால், அவரை மறுபடி பேசச் சொல்லியும் கேட்கலாம். குழந்தைகளையும் கேட்க வேண்டும். காரணம், பழைய ஒலிபெருக்கி சேர்க்கிறவர்களில் பலர் வயதானவர்கள். வயது ஏறினால் காதின் கூர்மை குறையும். கீச்சென்ற உச்ச ஒலிகள் முதலில் மறையும். பத்து வயதுப் பேத்திக்குக் கேட்பது தாத்தாவுக்குக் கேட்காது. விலை பேசுவது தாத்தாவாக இருக்கலாம். தீர்ப்பில் பேத்திக்கும் ஓட்டு உண்டு.

இப்படிக் கேட்டால், பெரிய பெயர் தோற்றுப்போவதும் நடக்கும். இன்று சாதாரண விலைக்கு விற்கும் புது ஒலிபெருக்கி, ஐம்பது வயதுப் பெட்டியை வெல்வதும் நடக்கும். பழையது எல்லாம் பொன் அல்ல. சில விஷயங்களில், முக்கியமாகக் கனத்த ஒலியிலும், உரக்கப் பாடுவதிலும், புதியவை வெகு தூரம் முன்னேறிவிட்டன. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய பெட்டி, ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பேசுவது போலப் பேசும்போது, அதற்குக் கொடுத்த காசு வீண் அல்ல.

"கண்ணுக்கு அழகு வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். அமெரிக்காவில் ஜே.பி.எல். கம்பெனி 1957-ல் செய்த "பாராகன்" என்ற ஒலிபெருக்கி எட்டு அடிக்கு மேல் அகலம். வளைந்த மர முகப்பு. அரண்மனைச் சாமான் போல இருக்கும். அழகுக்காக அதை வாங்குகிறவர் அழகுக்காக என்று சொல்லியே வாங்கட்டும். காதின் பெயரைச் சொல்லிக் கண்ணுக்கு வாங்க வேண்டாம்.

பூட்டிய அறை

இன்னொரு வகையினர் உண்டு. வாங்கி, அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பூட்டி வைக்கிறவர்கள். "தொட்டால் விலை குறையும்" என்று நினைப்பு.

பூட்டினால் மட்டும் பிழைக்குமா? 1970 வாக்கிலிருந்து பல கம்பெனிகள் கூம்பின் விளிம்பில் நுரை வளையம் வைத்தன. அந்த நுரை, பாடினாலும் பாடாவிட்டாலும், இருபது ஆண்டு போனால் பொடிப் பொடியாக உதிரும். காற்றும் ஈரமும் போதும். உள்ளே இருக்கும் சில மின்தேக்கிகளும் சும்மா கிடந்தாலே காய்ந்துவிடும். பிரிக்காத பெட்டியைப் பெருமையோடு பிரித்து, உள்ளே கறுப்புத் தூளைக் கண்டவர்கள் பலர்.

வேறு சிலர் காந்தத்தையும் கூம்பையும் கழற்றித் தனித்தனியாக விற்கிறார்கள். பெட்டி விறகுக்குப் போகிறது. இது சேர்ப்பது அல்ல, அழிப்பது.

பழுது பார்ப்பது பெரிய வித்தை அல்ல. புது நுரை வளையம் கிடைக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்து, பசை தடவி, கம்பிச் சுருள் உரசாமல் நடுவில் நிறுத்தி ஒட்ட வேண்டும். பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு பையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்ல பழக்கம். அடுத்து வாங்குகிறவருக்கு எது அசல், எது மாற்று என்று தெரியும்.

குவாட் ஒலிபெருக்கியை மட்டும் தெரியாதவர் திறக்கக்கூடாது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட்டு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும். தாள் கிழிந்தால் மாற்ற, அதற்கென்றே பழகியவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள்.

வில்சரின் ஏ.ஆர்.3 பெட்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. உச்ச ஒலி திடீரென்று நின்றுவிடும். "உறுப்பு எரிந்துவிட்டது" என்று நினைத்து, சிலர் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பல பெட்டிகளில் உறுப்பு எரிந்திருக்காது. பின்புறத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்க இரண்டு குமிழ்கள் இருக்கும். அவற்றுக்குள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கழற்றி, களிம்பைத் துடைத்து, திரும்பவும் மாட்டினால், நின்றுபோன உச்ச ஒலி மறுபடி கேட்கிறது.